ஒரகடம் கிளையின் இருபதாவது உறுப்பினர்

"நீ ஒரு வார்த்த கேட்டா போதும் சுபா. ஹான் சாரு மாட்டேன்னா சொல்லப் போறாரு?"

"நான் கேட்டா அது என் வார்த்தையா பூடும் மாமா."

"பின்ன? உன் புருஷனுக்கு ஷிஃப்ட்டு மாத்தறதுக்குப் பக்கத்து வூட்டுக்காரி வந்தா கேப்பா?"

"அடுத்தவங்க பேசறத சொல்றதுக்குத்தான் எனக்கு அங்க சம்பளம். நடுவுல என்னோடத சொருவக் கூடாது."

"சரி, வுடு. மூஞ்சி ஏன் அப்படிப் போவுது? பஸ்ஸு வந்துடுச்சு பாரு, ஏறு."

கல்யாணமாகி மூன்றாவது மாதத்தில், வடக்குப்பட்டு கூட்டுரோட்டில் நின்றுகொண்டு சுபஸ்ரீயும் அவள் புருஷன் எழிலரசனும் பேசிய பேச்சு இது. அதன்பிறகு பதினொரு மாதம் ஓடிவிட்டது. எழிலரசன் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. அவன் எடுக்காததாலேயே சுபஸ்ரீக்கு அது தினமும் ஞாபகம் வந்தது.

ஒரகடத்தில் கார்க் கதவுக் கைப்பிடிகளுக்கு வண்ணம் பூசி அனுப்பும் ஒரு கொரியத் தொழிற்சாலையில் சுபஸ்ரீ மொழிபெயர்ப்பாளர். எழிலரசன் அங்கேயே பெயின்ட் ஷாப்பில் நிரந்தர இரவு ஷிஃப்ட். அவளுக்கு வேலை காலை எட்டரைக்குத் தொடங்கும். முடிவதற்கு மட்டும் நேரம் கிடையாது. கொரியர்கள் எதுவரைக்கும் கூட்டம் போடுகிறார்களோ அதுவரைக்கும் அவளும் இருக்க வேண்டும். அவள் வீடு திரும்பும்போது அவன் கிளம்பிப் போயிருப்பான். அவனுக்கு வார விடுமுறை புதன், அவளுக்கு ஞாயிறு. அவன் மத்தியானம் வைத்த குழம்பை அவள் இரவு சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கூடிப்போச்சு என்று மறுநாள் காலையில் சொல்வாள். அந்தக் காலை என்பது இருபது நிமிடம். ஏழு இருபதுக்கு அவனை இறக்கிவிட்டு ஒரு பஸ் போகும், ஏழு நாற்பதுக்கு அவளை ஏற்றிக்கொள்ள இன்னொரு பஸ் வரும்.

மாமியார் மரகதம் மணிமங்கலத்திலிருந்து வாரம் தவறாமல் போன் செய்வாள்.

"இன்னாடி, நாளு போய்கினே கீது, விசேஷம் ஒண்ணும் இல்லியா?"

"உங்க புள்ளைய நான் முழுசா பாத்தே அஞ்சு நாளாவுது அத்தே."

"அப்பறம் எப்படிடி விசேஷம் வரும்?"

"அதத்தான் அத்தே நானும் கேக்கறேன்."

எழிலரசன் மூன்று முறை மனு எழுதிக் கொடுத்துப் பார்த்தான். மூன்றும் மனிதவள மேலாளர் பரசுராமனின் மேஜை இழுப்பறையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஷிஃப்ட்டில் இருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரே நாளில் இரண்டு ஆள் லீவு போடுவார்கள் என்பது அவர் வாதம். பிள்ளை பிறப்பதற்கே முதலில் ஷிஃப்ட் மாற வேண்டியிருக்கிறது என்பதை அவரிடம் எப்படி எழுதிக் கொடுப்பது என்று எழிலரசனுக்குத் தெரியவில்லை.

பரசுராமனுக்கு மேலே இருப்பவர் ஒருவர்தான், தொழிற்சாலைத் தலைவர் ஹான் சார். தினமும் பத்து மணி நேரம் சுபஸ்ரீ அவர் பக்கத்தில்தான் நிற்கிறாள். யார் யாருடைய லீவையோ, முன்பணத்தையோ, பெண்ணின் சடங்குக்கு இரண்டு நாளையோ அவள் தன் வாயால்தான் அவரிடம் கேட்டிருக்கிறாள். "நான்", "எனக்கு", "என் வீட்டில்" என்று அச்சுப் பிசகாமல் மொழிபெயர்ப்பாள். அந்த "நான்" ஒரு நாளும் அவளாக இருந்ததில்லை. அவளுக்கு முன்னால் இருந்த மொழிபெயர்ப்பாளர், ஒரு கூட்டத்தின் நடுவே தன் தம்பிக்கு வேலை கேட்டு இரண்டு வாக்கியம் சேர்த்துவிட்டாராம். மறுவாரமே அவரைச் சீட்டுக் கிழித்து அனுப்பிவிட்டார் ஹான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சுபஸ்ரீக்கு இந்தக் கதையைச் சொன்னார்கள்.

இதற்கு நடுவில்தான் சங்கம் வந்து சேர்ந்தது.

சேபோம் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கம், ஒரகடம் கிளை. இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த கொரியர்கள், ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஆறு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஓட்டல் மினி ஹாலில் கூடுவார்கள். யாராவது ஒருவர் தொழில் பற்றிப் பேசுவார், கேள்வி கேட்பார்கள், விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வார்கள், சாப்பிடுவார்கள். அவர்களுக்குள் பதவியெல்லாம் அப்புறம்தான். எந்த வருடம் கல்லூரியில் சேர்ந்தாய் என்பதுதான் முதல் பேச்சு. ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவன் சீனியர். அவன் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து அவன் தம்ளரை நிரப்ப வேண்டும்.

ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பினார்கள். தொழிற்சாலைகளில் அவர்கள் வேலைக்கு உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். கடைசியில் கிளையில் மிஞ்சிய ஒரே உறுப்பினர், தலைவர் ஹான்தான். தொண்ணூற்றொன்றாம் பேட்ச்.

ஒரே ஆள் ஆகிவிட்டால் யாராவது கூட்டம் போடுவார்களா? ஹான் போட்டார். மனைவி, மகள்கள் எல்லாரும் கொரியாவில் இருக்க, தனியாளாகச் சமைத்துச் சாப்பிடும் மனிதருக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் வீடு மாதிரி. ஊருக்குப் போனவர்களின் பெயர் அட்டைகளைச் சீனியாரிட்டிப்படி நாற்காலிகளில் வைப்பார். மூத்த நாற்காலிகளுக்குக் குனிந்து வணக்கம் சொல்வார். பிறகு மேடையேறி, "வண்ணப் பூச்சில் விழும் ஒரே ஒரு தூசி" என்பது போல ஏதாவது ஒன்றைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவார். பேச்சை உள்ளூர் மொழியிலும் சொல்ல வேண்டும் என்பது சங்க விதி. ஆகவே சுபஸ்ரீ பத்தொன்பது காலி நாற்காலிகளுக்கும், வாசலோரம் உட்கார்ந்திருக்கும் டிரைவர் யாக்கோபுக்கும் அதைத் தமிழில் சொல்வாள். யாக்கோபு கடைசியில் கை தட்டுவார்.

"இன்னாம்மா பண்றது, நாற்காலிங்க தட்டாதே," என்பார்.

சியோலிலிருந்து கடிதம் வந்தபோதுதான் ஹானின் முகம் வாடியது. தலைமைச் சங்கத்துத் துணைத்தலைவர் நேரில் வருகிறார். கூட்டத்தில் இருபது உறுப்பினர் இல்லையென்றால் கிளை கலைக்கப்படும்.

ஹான் விதிப்புத்தகத்தை ஒரு ராத்திரி முழுக்கப் புரட்டினார். பதினான்காம் விதியில் வழி இருந்தது. நாட்டைவிட்டுப் போகும் உறுப்பினர், நம்பகமான ஒருவரைத் தன் பதிலாளாக எழுத்தில் நியமிக்கலாம். அந்தப் பதிலாளுக்கு உறுப்பினரின் பேட்ச், இருக்கை, மரியாதை எல்லாம் உண்டு. போனவர்கள் பத்தொன்பது பேரும் போகிற அவசரத்தில் பதிலாள் கடிதத்தில் பெயரை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பதிலாள் கொரியராக இருக்க வேண்டும் என்றோ, அந்தக் கல்லூரி வாசலை மிதித்திருக்க வேண்டும் என்றோ விதி எங்கேயும் சொல்லவில்லை.

ஆள் பிடிக்கும் பொறுப்பு யாக்கோபுக்கு. ஏசி ஹால், சிக்கன் பிரியாணி, ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்துகினு இருந்தா போதும் என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லி வைத்தார்.

ஹானின் திட்டம் தெளிவானது. பரசுராமன் முதலான அலுவலகத்து ஆட்கள் முன்வரிசையில் மூத்த அட்டைகளோடு. பெயின்ட் ஷாப் பையன்கள் பின்வரிசையில் இளைய அட்டைகளோடு. ஆனால் பையன்கள்தான் முதலில் வந்தார்கள். இரவு ஷிஃப்ட்டுக்கு முன்னால் ஒரு குட்டித் தூக்கம் போடலாமென்று வந்தவர்கள், ஏசிக் காற்று முன்வரிசை மேல்தான் விழுகிறது என்பதைக் கண்டுபிடித்து, நாற்காலியிலிருந்த அட்டைகளைச் சட்டையில் குத்திக்கொண்டு சாய்ந்துவிட்டார்கள். அலுவலகத்து ஆட்கள் வருவதற்கும் துணைத்தலைவரின் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. இனி யாரையும் எழுப்பி மாற்ற முடியாது.

யாக்கோபு எண்பத்திரண்டாம் பேட்ச். அந்தக் கூட்டத்துக்கே மூத்தவர். எழிலரசன் எண்பத்து நாலு. அவன் பக்கத்தில் திருநெல்வேலிக்காரன் வனமாமலை எண்பத்தைந்து. மனிதவள மேலாளர் பரசுராமன், கடைசி வரிசையில் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.

துணைத்தலைவரின் பெயர் ஓ. வெறும் ஓ. எண்பத்தேழாம் பேட்ச். ஒல்லியான மனிதர், கோட்டுப் பையில் விதிப்புத்தகம். ஹாலைப் பார்த்தார். பதிலாள் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினான்காம் விதியை இரண்டு முறை படித்தார். ஓ புத்தகத்தை மூடினார், நேரே யாக்கோபின் முன்னால் போய் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

"எண்பத்திரண்டாம் வருடத்து மூத்தவரே, தங்களைச் சந்தித்ததில் பெருமை," என்று சுபஸ்ரீ மொழிபெயர்த்தாள்.

"பரவாயில்ல, உக்கார சொல்லு பாப்பா," என்றார் யாக்கோபு.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. இரண்டாயிரத்துப் பதினாறாம் பேட்ச் பதிலாளான சூப்பர்வைசர் கோபால் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டிருந்தான். போன் பண்ணினால் "வந்துகினே கீறேன்" என்றான்.

ஜூனியர்கள்தான் பரிமாற வேண்டும் என்று ஓ நினைவூட்டினார். பரசுராமன் முன்வரிசைக்கு ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலோடு வந்தார்.

"ரெண்டு கையாலயும் புடிக்கணுமாம் சார்," என்றாள் சுபஸ்ரீ.

"உனுக்கு இதெல்லாம் சிரிப்பா கீதாம்மா?"

"நான் சொல்லல சார், அவரு சொல்றாரு."

"நெறைய ஊத்து சார், பாதிதான் கீது," என்றான் எழிலரசன். அவனுடைய மூன்று மனுக்களிலும் கையெழுத்துப் போடாத அந்த வலது கை, இடது கையின் துணையோடு, தம்ளரை விளிம்புவரை நிரப்பியது.

பிறகு ஓ பேசினார். "உறவுப் பின்னல்: பேசிப் பழகுவதே தொழிலின் முதல் மூலதனம்" என்பது தலைப்பு. பத்தாவது நிமிடத்தில் முன்வரிசையிலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது. எழிலரசன்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஹானின் காது சிவந்தது. ஓ பேச்சை நிறுத்தி, எழிலரசனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எண்பத்து நாலாம் வருடத்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்," என்றார். "என் பேராசிரியரும் இப்படித்தான் கேட்பார்." சொல்லிவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

அதன்பிறகு உறவுப் பின்னல் பேச்சு முழுவதும் கிசுகிசுப்பாகவே நடந்தது. சுபஸ்ரீயும் கிசுகிசுப்பாகவே தமிழில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் அவன் தூங்கும்போது அவள் மிக்சி போட மாட்டாள், குக்கர் விசிலைக் கரண்டியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதே கவனம் இப்போது அவள் தொண்டைக்கு வந்துவிட்டது.

முதல் கேள்வியை மூத்தவர்தான் கேட்க வேண்டும். யாக்கோபு யோசித்தார்.

"சாருக்கு எத்தினி புள்ளைங்க?"

ஓ திகைத்தார். "இரண்டு மகன்கள்."

"கண்ணாலம் ஆயிடுச்சா? வூட்டாண்ட வந்து போய்கினு இருக்காங்களா?"

"பெரியவன் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை," என்ற ஓ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடமாகப் பேசிப் பழகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"ஃபோன் போட்டு நீயே பேசு சார். புள்ள கிட்ட இன்னா சீனியரு ஜூனியரு," என்றார் யாக்கோபு. சுபஸ்ரீ அதை மரியாதைப் பன்மையில் மொழிபெயர்த்தாள். ஓ குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்து கார்டு மாற்றும் நேரம். கார்டு யாரிடம் இருக்கிறது? யாக்கோபு பர்ஸைத் தேடி, தன் மச்சானின் பஞ்சர் கடை அட்டையைக் கொடுத்தார். ஓ அதை இரண்டு கையாலும் வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இருபத்து நாலு மணி நேரமும் டியூப்லெஸ் பஞ்சர் பார்க்கப்படும் என்றாள் சுபஸ்ரீ.

"இருபத்து நாலு மணி நேரமுமா!" என்று ஓ இன்னொரு தடவை குனிந்தார்.

வனமாமலை தன் பஸ் பாஸைக் கொடுத்தான். "திருப்பித் தந்துருவாராம்மா? நாளைக்கு அது இல்லாம ஏத்த மாட்டாம்லா," என்று கவலைப்பட்டான். இப்படி ஆளுக்கொரு அட்டையும், அட்டைக்கு ஒரு விளக்கமுமாகப் பதினெட்டு பேரும் பேசி முடித்தார்கள்.

கடைசி அங்கம் சீனியர் வேண்டுகோள். கூட்டத்துக்கு ஒரு சீனியர், முறைவைத்து, கிளைத் தலைவரிடம் ஒன்று கேட்கலாம். தலைவர் மறுக்கக் கூடாது. போன மாதம் எண்பத்து மூன்றின் முறை. ஹான் அந்தக் காலி நாற்காலியின் முன்னால் இரண்டு நிமிடம் காத்து நின்றுவிட்டு, "வேண்டுகோள் இல்லை" என்று பதிவேட்டில் எழுதினார். இந்த மாதம் எண்பத்து நாலு.

எழிலரசன் எண்பத்து நாலாம் அட்டையைக் குத்தியதைப் பார்த்த நிமிடத்திலிருந்தே சுபஸ்ரீ இந்த அங்கத்துக்காகத்தான் காத்திருந்தாள். அவன் கேட்பான். அவள் வெறுமனே மொழிபெயர்ப்பாள். அவள் வார்த்தையாக ஒன்றும் இருக்காது. ஹானால் மறுக்கவும் முடியாது. பதினொரு மாதத்துப் பாரத்தை இதைவிட லேசாக இறக்கி வைக்க யாராலும் முடியாது.

ஹான் எழிலரசன் முன்னால் வந்து கைகட்டி நின்றார். வனமாமலை அவனை இடித்து எழுப்பினான்.

"எண்பத்து நாலாம் வருடத்தவர் தலைவரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். எதுவானாலும் கேட்கலாம். தலைவர் செய்து கொடுப்பார்," என்றாள் சுபஸ்ரீ. "எதுவானாலும்" என்பதை ஹான் ஒரு முறைதான் சொல்லியிருந்தார். அவள் கண்ணால் அதை நாலு முறை சொன்னாள்.

எழிலரசனுக்குப் புரிந்துவிட்டது. அவன் அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"எலே எழிலு," என்று வனமாமலை காதுக்குள் சொன்னான், "ராத்திரி கேன்டீன்ல அந்த ஆறிப்போன உப்புமாவ எத்தன நாளைக்கு திங்க? நல்ல சமயம், கேட்டுருடே. அம்பது பேரு வயிறுடே."

எழிலரசன் திரும்பிப் பார்த்தான். முன்வரிசை மொத்தமும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி சுபஸ்ரீயைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது.

"நைட் ஷிஃப்ட்டு ஆளுங்களுக்குச் சூடா டிபன் போடணும் சார்," என்றான்.

அவள் அதை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தாள். அடப்பாவி மாமா, என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஐம்பது பேர் சாப்பாட்டைத் தட்டிவிட்டுத் தன் வீட்டு விஷயத்தைக் கேட்கிறவனாக இருந்தால் அவள் இவனைக் கட்டிக்கொண்டிருக்கவே மாட்டாள். அது வேறு கோபமாக வந்தது.

"நே," என்றார் ஹான். ஆகட்டும் என்று அர்த்தம். பரசுராமன் எழுதிக்கொண்டார். பையன்கள் விசிலடித்தார்கள்.

ஓ பதிவேட்டைத் திறந்து தலைகளை எண்ணினார். பதினெட்டு பதிலாட்கள், தலைவர் ஹான் ஒன்று. பத்தொன்பது. இன்னொரு முறை எண்ணினார். பத்தொன்பதுதான். கோபாலின் போன் அணைந்திருந்தது.

"வருத்தமாக இருக்கிறது," என்றார் ஓ. நிஜமாகவே வருந்துவது தெரிந்தது. "இவ்வளவு அன்பான கிளையை நான் பார்த்ததில்லை. ஆனால் விதி."

காலி நாற்காலியில் மிஞ்சியிருந்த பதினாறாம் பேட்ச் அட்டையை ஹான் எடுத்து, ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு இரண்டு கையாலும் அதைச் சுபஸ்ரீயிடம் நீட்டினார்.

"நம்பகமான ஒருவர் என்றுதானே விதி சொல்கிறது," என்றார் அவர். "என்னிடம் இவரைவிட நம்பகமானவர் இல்லை."

கோபால் வந்ததும் நிரப்பலாமென்று பெயரில்லாமல் வைத்திருந்த கடிதத்தில் அவள் பெயர் எழுதப்பட்டது. சுபஸ்ரீ அட்டையைத் துப்பட்டாவில் குத்திக்கொண்டாள். யாக்கோபு கை தட்டினார். ஓ பேனாவைத் திறந்தவர், நிறுத்தினார்.

"இன்னும் ஒன்று. பேசாத உறுப்பினர் வராத உறுப்பினர். ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பேசியிருக்க வேண்டும்."

"இவர் இரண்டு மணி நேரமாகப் பேசியிருக்கிறாரே," என்றார் ஹான்.

"நானும் கேட்டேன். அதில் ஒன்றுகூட இவருடையது இல்லை." ஓ சுபஸ்ரீயைப் பார்த்துச் சிரித்தார். "வணக்கம் என்று சொன்னாலே போதும். ஆனால் நீங்களாகச் சொல்ல வேண்டும்."

வணக்கம் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் கிளை பிழைத்துவிடும், பிரியாணி வந்துவிடும், நாளைக் காலை ஏழு இருபதுக்கு வழக்கம்போல் கூட்டுரோட்டில் போய் நிற்கலாம். ஹானைப் பார்த்தாள். தம்பிக்கு வேலை கேட்டவரின் கதை ஞாபகம் வந்தது. எழிலரசனைப் பார்த்தாள். தூக்கம் போதாத கண்களோடு, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று ஒரு வேடிக்கை போலக் காத்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவன் இங்கிருந்தே ஷிஃப்ட்டுக்குப் போய்விடுவான்.

அவள் கொரிய மொழியில் பேசினாள். சின்ன வாக்கியங்கள்தான், இரண்டோ மூன்றோ. ஓவின் பேனா நின்றது. ஹான் முதலில் அவளையும், பிறகு முன்வரிசையில் இருந்த எண்பத்து நாலாம் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாமா சொன்ன?" என்றார் பரசுராமன் பின்னாலிருந்து.

"ஏ சுபா, இன்னா சொன்ன நீ?" எழிலரசன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

அந்த ஹாலில் யார் எதைச் சொன்னாலும் தமிழிலும் சொல்ல வேண்டியது அவள் வேலை. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஹான் சார், என் புருஷன் எழிலரசனப் பகல் ஷிஃப்ட்டுக்கு மாத்திக் குடுங்க. இத நான்தான் கேக்கறேன், வேற யாரும் கேக்கல. நாங்க ரெண்டு பேரும் ஒரே வூட்டுல ஒரே நேரத்துல இருக்கணும் சார்."